எல்லாம் டேப் செய்யும் வேலை

பெருந்தமனி எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அளக்கும் கருவி பல லட்சம் ரூபாய். ஆனால் அது தரும் எண் சரியா என்பது கடைசியில் ஒரு தையல் டேப்பில்தான் இருக்கிறது.

எங்கள் லேபில் இருப்பது ஸ்பிக்மோகார். பேனா போன்ற சென்சாரைக் கழுத்து நாடியில் வைத்து அழுத்தி அலையைப் பதிவு செய்வேன், அப்புறம் தொடையிடுக்கில். ஈசிஜியை வைத்து இரண்டுக்கும் உள்ள நேர வித்தியாசத்தைக் கருவியே கணக்கிட்டுவிடும். அந்த இரண்டு இடங்களுக்கும் இடையிலான தூரத்தை டேப்பால் அளப்பது மட்டும் என் பொறுப்பு. தூரத்தை நேரத்தால் வகுத்தால் அலையின் வேகம்; குழாய் விறைக்க விறைக்க அது கூடும். தொப்பை மேல் டேப் வளைந்தால் தூரம் கூடும், வேகமும் பொய்யாக ஏறும். இதைத் தாண்டினால் விறைப்பு அதிகம் என்று சொல்லும் வரம்பு முன்பு நொடிக்கு 12 மீட்டராக இருந்தது, 2012இல் 10 ஆனது. யாருடைய குழாயும் இளகிவிடவில்லை; நேர்த் தூரத்தில் 80 சதவீதத்தை எடுத்தால் போதும் என்று முடிவானது, அவ்வளவுதான். 12க்கு அது 9.6, முழுதாக்கினால் 10.

தொடையிடுக்கில் நாடி தேட வேண்டும் என்றதும் புடவை கட்டி வந்த அம்மாக்களின் முகம் மாறும். திரை போட்டு, விளக்கிச் சொல்லி, நாடியைக் கண்டுபிடிப்பதற்குள் அரை மணி நேரம் போய்விடும். அதனால் மேல்கையில் பட்டை மட்டும் கட்டும் மொபில்-ஓ-கிராஃப் எல்லோருக்கும் பிடிக்கிறது. எனக்கு அதில் ஒரு சந்தேகம். ஆளின் வயதை அதில் பதிய வேண்டும். அலை வடிவத்தோடு வயதையும் மேல் பிபியையும் சேர்த்துத்தான் அது வேகத்தைக் கணிக்கிறது. ஒரே ஆளுக்கு வயதை மாற்றிப் போட்டால் வேகமும் மாறும். அறுபது வயதுக்காரருக்கு அறுபது வயதுக்குரிய விறைப்பு என்று சொல்ல எதற்குக் கருவி? 24 மணி நேர பிபிக்கு நல்ல கருவிதான். விறைப்புக்கு நான் அதை நம்புவதில்லை.

மைய ரத்த அழுத்தம், அதாவது இதயத்தை ஒட்டிய பெருந்தமனியில் இருக்கும் அழுத்தம், வேறு கதை. "ஏம்மா, கையில 138, இங்க 126னு போட்டிருக்கே, எது சரி?" என்று கேட்பார்கள். இரண்டும் சரிதான். அலை இதயத்திலிருந்து கைக்குப் போகும்போது அதன் உச்சம் உயர்கிறது. இளவயதில் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். 2006இல் வந்த கேஃப் ஆய்வில், பிபி மருந்துகளான அட்டெனலால் எடுத்தவர்களுக்கும் அம்லோடிபின் எடுத்தவர்களுக்கும் கையில் பிபி கிட்டத்தட்ட ஒன்றுதான். மைய அழுத்தமோ அம்லோடிபின் குழுவில் 4.3 மில்லிமீட்டர் குறைவு. கைப்பட்டை மட்டும் வைத்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

மைய அழுத்தத்தை மணிக்கட்டில் பதியும் அலையிலிருந்துதான் கருவி கணக்கிடுகிறது. ஆனால் அந்த அலைக்கு அளவுகோல் தருவதும் அதே கைப்பட்டைதான். பட்டை சின்னதாக இருந்து 10 கூடக் காட்டினால், மைய அழுத்தமும் கூடவே ஏறிவிடும். மேல், கீழ் பிபியை வைத்து அளவு திருத்துவதற்குப் பதில் சராசரி பிபியையும் கீழ் பிபியையும் வைத்தால் பெரும்பாலும் எண் இன்னும் உயர்ந்து வரும். அதனால் ரிப்போர்ட்டில் எந்தக் கருவி, எப்படி அளவு திருத்தியது என்று பேனாவால் எழுதிவிடுகிறேன். அதற்கென்று படிவத்தில் கட்டம் கிடையாது. ஓரத்தில்தான் எழுத வேண்டியிருக்கிறது.