சீஸ் நாட்குறிப்பு: விநோதச் செய்தியும் பாக்கெட்டின் பொடி எழுத்தும்

மார்ச் 3, 2025, திங்கள்

2004 நவம்பரில் ஈபேயில் ஒரு பழைய சீஸ் சாண்ட்விச் 28,000 டாலருக்கு ஏலம் போனது. ஃப்ளோரிடாவில் ஒரு பெண்மணி 1994இல் சுட்டது. ஒரு வாய் கடித்ததும் ரொட்டியில் கன்னி மரியாளின் முகம் தெரிந்ததாம். பிளாஸ்டிக் டப்பாவில் பஞ்சு வைத்துப் பத்து வருடம் காப்பாற்றினார். வாங்கியது ஓர் இணையச் சூதாட்டக் கம்பெனி, விளம்பரத்துக்காக. முகத்தை நம்பாதவர்கள்கூட வாய்பிளந்த விஷயம், இத்தனை வருடத்தில் பூஞ்சை பிடிக்கவில்லை என்பது.

அதில் அதிசயம் குறைவு. எண்ணெய், வெண்ணெய் தொடாமல் சுட்டதாக அவரே சொல்லியிருந்தார். அப்படிச் சுட்ட ரொட்டி அப்பளம்போலக் காய்ந்துவிடும். ஈரம் இல்லாத இடத்தில் பூஞ்சைக்கு வேலை இல்லை. போதாததற்கு, அமெரிக்கக் கடை ரொட்டியில் பெரும்பாலும் கால்சியம் ப்ரொப்பியோனேட் இருக்கும், ஸ்லைஸ் சீஸில் சோர்பிக் அமிலம் இருக்கும். இரண்டுமே பூஞ்சையைத் தடுக்கப் போடுபவை.

வீட்டு ஃப்ரிட்ஜில் நடப்பது வேறு. செடார் மாதிரி கெட்டிக் கட்டியில் பூஞ்சை வந்தால் அதைச் சுற்றியும் அடியிலும் 2.5 செ.மீ. தள்ளி வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம். கத்தி பூஞ்சையில் படக் கூடாது. துருவல், ஸ்லைஸ், க்ரீம் சீஸ் என்றால் மொத்தமும் குப்பைக்கு.

மார்ச் 5, புதன்

"அமெரிக்கன் சீஸ் சீஸே இல்லை" என்ற செய்தி மறுபடியும் சுற்றுகிறது. அது எந்தப் பாக்கெட்டைப் பற்றியது என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. ஒரே மஞ்சள் நிறம், ஒரே சதுரம், ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் வேறு வேறு பண்டங்கள். முன்பக்கத்துப் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, கீழே பொடியாக இருக்கும் பெயரைப் பார்க்க வேண்டும்.

"பாஸ்டரைஸ்டு ப்ராசஸ் சீஸ்" என்றிருந்தால், செடார், கோல்பி போன்ற சீஸை அரைத்து, உருக்கும் உப்பு (சோடியம் சிட்ரேட் போன்றது) சேர்த்து, குறைந்தது 65.5 டிகிரி செல்சியஸில் 30 விநாடியாவது சூடாக்கியது. அந்த உப்பு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இது சீஸ்தான், சந்தேகம் வேண்டாம். டெலி கவுன்டரில் (கடையில் சீஸ், இறைச்சியை வெட்டித் தரும் இடம்) கிடைக்கும் அமெரிக்கன் சீஸ் பெரும்பாலும் இந்த வகை.

"ப்ராசஸ் சீஸ் ஃபுட்" என்றால் எடையில் குறைந்தது 51 சதவீதம் சீஸ், மீதிக்குப் பாலோ வே (பால் திரிந்த நீர்) பொடியோ. ஈரம் 44 சதவீதம் வரை, கொழுப்பு 23க்குக் குறையாது. "ஸ்ப்ரெட்" என்றால் ஈரம் 60 வரை போகலாம், கொழுப்பு 20 இருந்தால் போதும்.

கடைசியாக, "ப்ரிப்பேர்டு சீஸ் ப்ராடக்ட்". இப்படி ஒரு வகையே சட்டத்தில் கிடையாது. 2002இல் க்ராஃப்ட் கம்பெனியின் வெல்வீட்டா சீஸில் பால்புரதச் செறிவு சேர்த்ததற்காக, அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்.டி.ஏ. எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. "சீஸ் ஸ்ப்ரெட்" விதியில் அந்தப் பொருளுக்கு இடமில்லை. செய்முறையை மாற்றுவதைவிடப் பெயரை மாற்றுவது சுலபம். க்ராஃப்ட் சிங்கிள்ஸ் பாக்கெட்டிலும் இதே பெயர்தான். ஆக, அந்தச் செய்தி இந்த ஒரு வகைக்குப் பொருந்தும், டெலி கவுன்டரில் வெட்டித் தருவதற்குப் பொருந்தாது.

மார்ச் 8, சனி

உருக்கும் உப்பை ரசாயனம் என்று பயப்படுகிறவர்கள் வீட்டில் ஒருமுறை செய்து பார்க்கலாம். வேண்டியது மீடியம் செடார் கட்டி 300 கிராம், பால் 75 மி.லி., சோடியம் சிட்ரேட் 9 கிராம். சிட்ரேட்டைத் தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும், ஸ்பூன் கணக்கு உதவாது.

பாலில் சிட்ரேட்டைக் கரைத்து, ஆவி வரும்வரை சூடாக்கவும். கொதிக்க விட வேண்டாம். தீயைக் குறைத்துக்கொண்டு, துருவிய செடாரைப் பிடிபிடியாகப் போட்டுக் கிளறவும். முதலில் நூல்நூலாக இழுபடும், ஓரத்தில் எண்ணெய் மினுங்கும், கெட்டுவிட்டது என்றே தோன்றும். கிளறிக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் அந்த எண்ணெய் உள்ளே போய், கலவை பெயின்ட் மாதிரி பளபளவென்று ஒன்றாகும். பிளாஸ்டிக் தாள் விரித்த டப்பாவில் ஊற்றி, 4 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஸ்லைஸ் போடலாம்.

நடப்பது இவ்வளவுதான்: சீஸில் கேசீன் புரதத்தைக் கால்சியம் கொக்கிபோல ஒன்றோடொன்று மாட்டிப் பிடித்திருக்கிறது. வெறும் செடாரைச் சூடாக்கினால் புரதம் இறுகி, கொழுப்பு வெளியே வழியும். சிட்ரேட் அந்தக் கால்சியத்தைப் பிடுங்கிக்கொண்டு சோடியத்தைத் தருகிறது. விடுபட்ட கேசீன் கொழுப்பையும் நீரையும் சேர்த்துப் பிடிக்கும். சுவிட்சர்லாந்தில் 1911இல் கண்ட வழி. அமெரிக்காவில் ஜேம்ஸ் க்ராஃப்ட் தன் முறைக்குக் காப்புரிமை பெற்றது 1916இல்.

மார்ச் 9, ஞாயிறு

நேற்றையதில் விட்டுப்போனவை. கலவை மணல்மணலாக இருந்தால் பாக்கெட்டில் துருவி வரும் சீஸைப் போட்டிருப்பீர்கள். அதில் ஒட்டாமலிருக்கத் தூவிய உருளை ஸ்டார்ச்சும் செல்லுலோஸும் கரையாது. நெடுநாள் முதிர்ந்த எக்ஸ்ட்ரா ஷார்ப் செடார் மட்டும் போட்டால் திரிந்துபோக வாய்ப்பு அதிகம்: நாளாக ஆக அதன் புரதம் துண்டுதுண்டாக உடைந்திருக்கும், கொழுப்பைப் பிடிக்க வலு இருக்காது. மைல்டும் ஷார்ப்பும் பாதிப்பாதி கலந்தால் ருசியும் உண்டு, உருகவும் உருகும். சோப்பு மாதிரி கசந்தால் சிட்ரேட் அதிகம்.

மார்ச் 13, வியாழன்

"பார்மசானில் மரத்தூள்" - 2016 பிப்ரவரியில் உலகம் சுற்றிய தலைப்பு. மரத்தூள் இல்லை; மரக்கூழிலிருந்தும் எடுக்கப்படும் செல்லுலோஸ். துருவல் கட்டிதட்டாமலிருக்க 2 முதல் 4 சதவீதம் வரை போடுவது தொழிலில் வழக்கம். ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் கடை டப்பாக்களைப் பரிசோதனைக்கு அனுப்பியபோது 0.3 சதவீதம் வந்ததும் உண்டு, 8.8 வந்ததும் உண்டு. 8.8ஐக் கட்டிதட்டாமலிருக்கப் போட்டதாகச் சொன்னால் நம்புவது கஷ்டம். பாலுக்குத் தண்ணீர் என்ன வேலை செய்கிறதோ, அதே வேலைதான்.

உண்மையான மோசடி அந்தத் தலைப்புக்கு அடியில் இருந்தது. பென்சில்வேனியாவில் ஒரு தொழிற்சாலை 100 சதவீதம் பார்மசான் என்று விற்றதில், 2012இல் சோதித்தபோது பார்மசானே இல்லை. ஸ்விஸ், மொசரெல்லா, வெள்ளைச் செடார், செல்லுலோஸ். அமெரிக்க விதிப்படி பார்மசான் குறைந்தது 10 மாதம் முதிர வேண்டும். அத்தனை மாதம் காத்திருக்கும் செலவை மிச்சம்பிடித்ததில்தான் அவர்களுக்கு லாபம். கட்டியாக வாங்கித் துருவிக்கொள்ளுங்கள், கட்டியில் இந்த வேலை நடக்காது.

மார்ச் 16, ஞாயிறு

2013இல் பிரான்சின் மிமொலெட் சீஸை நியூ ஜெர்சித் துறைமுகத்தில் எஃப்.டி.ஏ. தடுத்துவைத்தது. காரணம், மேல்தோலில் உண்ணிகள், அதாவது பொடிப் பொடிச் சீஸ் பூச்சிகள். ஒரு கன அங்குலத்துக்கு 6 வரை பொறுப்போம் என்றார்கள். அந்த உண்ணி தோலைக் குடைந்து காற்றோட்டம் தருவதால்தான் மிமொலெட்டுக்கு அந்த ருசி. உண்ணியைத் தூரிகையால் துடைப்பது செய்பவர்களின் வழக்கமான வேலை. எண்ணிப் பார்த்த அதிகாரியை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

"அமெரிக்க அரசு குகையில் 140 கோடி பவுண்டு சீஸைப் பதுக்கியிருக்கிறது." இதுவும் மூட்டையாகக் கட்டிய செய்தி, பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருகாலத்தில் உண்மை: பால் விலை விழாமலிருக்க அரசே சீஸை வாங்கிக் குவித்தது, மிசூரியின் சுண்ணாம்புக் குகைகளிலும் வைத்தது. 1981இல் விவசாய அமைச்சர் ஜான் ப்ளாக் பூஞ்சை பிடித்த 5 பவுண்டுக் கட்டியைப் பத்திரிகைக்காரர்களிடம் காட்டினார். அந்த டிசம்பரில் அதிபர் ரீகன் 3 கோடி பவுண்டை ஏழைகளுக்குத் திறந்துவிட்டார். "கவர்ன்மென்ட் சீஸ்" என்ற பெயர் அப்படி வந்தது.

இன்றைய 140 கோடி என்பது நாட்டிலுள்ள எல்லாக் குளிர்பதனக் கிடங்குகளின் இருப்பை விவசாயத் துறை கூட்டிச் சொல்லும் எண். பெரும்பகுதி கம்பெனிகளுடையது. ஆளுக்கு வருடம் 40 பவுண்டு சாப்பிடும் நாட்டில் அது ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூட வரும், அவ்வளவே.

மார்ச் 23, ஞாயிறு

அமெரிக்காவில் இருக்கும் சைவத் தமிழர்களுக்கு ஒரு குறிப்பு. லேபிளில் "என்சைம்ஸ்" என்று மட்டும் போட்டால் போதும் என்கிறது விதி. பாலை உறையவைக்கும் ரென்னெட் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்ததா, நுண்ணுயிரில் வளர்த்ததா என்று சொல்ல வேண்டியதில்லை. 1990இல் நுண்ணுயிரில் வளர்த்த ரென்னெட்டான கைமோசினுக்கு அனுமதி வந்த பிறகு சாதாரணச் செடாரில் பெரும்பாலும் அதுதான்.  இத்தாலியிலிருந்து வரும் பார்மிஜானோ ரெஜ்ஜியானோவில் மட்டும் தேடவே வேண்டாம், கன்று ரென்னெட் அதில் கட்டாயம். பார்மசான் வேண்டுமென்றால் விஸ்கான்சினின் பெல்ஜோயோசோ "வெஜிடேரியன் பார்மசான்" என்றே பெயர்போட்டு விற்கிறது.