நூறு வெள்ளிப்பணம்

மார்ச் 3, திங்கள்

"உம்முடைய ராஜ்யம் வருவதாக." இயேசு சொல்லிக்கொடுத்தது, சின்ன வயதிலிருந்து வாய் தானாகச் சொல்லும் ஜெபம். இன்று காலை அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. ராஜ்யம் என்றதும் மனதில் வருவது மேகத்துக்கு மேலே ஓர் இடம், செத்த பிறகு போகிற இடம். பைபிளில் மத்தேயு தன் சுவிசேஷத்தில் 'பரலோகராஜ்யம்' என்று எழுதியதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். மாற்கும் லூக்காவும் அதையே 'தேவனுடைய ராஜ்யம்' என்கிறார்கள். கிரேக்கத்தில் அது 'பசிலேயா'. இடத்தைவிட ஆளுகையைச் சொல்கிற வார்த்தை. ராஜாவின் சொல் செல்லுபடியாகிற இடமெல்லாம் ராஜ்யம். சரி, என் வீட்டில் யார் சொல் செல்லுபடியாகிறது?

மார்ச் 4, செவ்வாய்

ராத்திரி அம்மா மூன்று தடவை எழுப்பினார்கள். மூன்றாவது தடவை சுவிட்சை ஓங்கித் தட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்கள். இதை எழுதாமல் விட மனசு வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மத்தேயு 6-ல் ராஜ்யம் வரட்டும் என்பது 10ஆம் வசனம். 12ஆம் வசனத்திலேயே கடன் வந்துவிடுகிறது: "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." அங்கிருந்து 18ஆம் அதிகாரத்துக்குப் போனேன். ராஜா பதினாயிரம் தாலந்து கடனை விட்டுவிட, அந்த ஊழியக்காரன் வெளியே போய் நூறு வெள்ளிப்பணத்துக்காக இன்னொருவனைப் பிடிக்கிற கதை.

அந்த நூறு ஒன்றுமில்லாத தொகை என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. வெள்ளிப்பணம் என்பது தெனாரி, கூலிக்காரனுக்கு ஒரு நாள் கூலி. நூறு நாள் பாடுபட்ட பணம் திரும்பி வராவிட்டால் யாருக்கும் வலிக்கும். ஆண்டவர் அந்த வலியை இல்லையென்று சொல்லவில்லை. அதுவே எனக்கு ஆறுதலாக இருந்தது.

அப்புறம் ராஜா விட்ட கடனின் கணக்கையும் போட்டேன். ஒரு தாலந்து 6,000 தெனாரி. பதினாயிரம் தாலந்து என்றால் 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் உழைத்தாலும் 2 லட்சம் வருஷம். அதற்குக் கீழே 100 என்று எழுதினேன். அதற்குமேல் கை ஓடவில்லை.

சித்தப்பா மகன் என்னிடம் வாங்கிய பணம் என் நூறு நாள் சம்பளம்கூட வராது. ஐந்து வருஷமாகத் தரவில்லை. போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில், சொந்தக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, "என் பணம் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். அவன் மகள் அவன் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிமிர்ந்து அப்பா முகத்தைப் பார்த்தாள். உவமையில் அந்த ஊழியக்காரன் 'தொண்டையை நெரித்து'க் கேட்டான் என்று இருக்கிறது. நான் கை வைக்கவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 12, புதன்

சித்தப்பா மகனுக்கு இரண்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. பணம் கேட்கத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருப்பான். வேறென்ன நினைப்பான்?

மன்னித்தால் அவன் செய்தது சரியென்று ஆகிவிடுமோ என்று வெகுநாள் தயங்கியிருக்கிறேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. கடனே இல்லை என்று ராஜா சொல்லவில்லை. இருந்த கடனை விட்டார், நஷ்டத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். ராஜ்யம் வரட்டும் என்று கேட்பவன் இந்த நஷ்டத்துக்கும் சேர்த்துத்தான் கேட்கிறான். இத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன், இது எனக்கு உறைக்கவே இல்லை.

மார்ச் 14, வெள்ளி

இன்றும் எடுக்கவில்லை. மாற்கு 4-ல் விதைக்கிறவன் தூங்கி எழுந்திருக்கிறான், விதை முளைத்தது எப்படியென்று அவனுக்கே தெரியவில்லை, நிலம் 'தானாய்'ப் பலன் கொடுக்கிறது. நான் முளைத்ததா என்று தோண்டிப் பார்க்கிற ஆள். "பணத்துக்காக இல்லை தம்பி, முடிஞ்சப்போ கூப்பிடு" என்று ஒரு செய்தி மட்டும் அனுப்பினேன்.

மார்ச் 16, ஞாயிறு

ராத்திரி ஒன்பதரைக்கு அவனே கூப்பிட்டான். எடுத்ததும், "அண்ணா, அடுத்த மாசம் கொஞ்சமாவது கொடுத்துடுறேன்" என்றான்.

"பணம் வேண்டாம் தம்பி. அதை நான் விட்டுட்டேன். அன்னைக்குப் பிள்ளை முன்னாடி அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சிடு."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதை யாரோ மூடினார்கள். அதற்குப் பிறகும் அவன் பேசவில்லை. வெகுநேரம் கழித்து, "பெரியப்பாவுக்கு நம்ம மேல கோபமான்னு அன்னைக்கு வழியெல்லாம் கேட்டுட்டே வந்தா அண்ணா" என்றான்.

அவளிடம் போனைக் கொடு என்றேன். தூங்கிவிட்டாளாம். நாளை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிடுவாள், அப்போது கூப்பிடச் சொன்னான். அவளிடம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா கூப்பிடுகிறார்கள், போய்விட்டு வந்து எழுதுகிறேன்.