தேங்காய் நாரில் சாவிக் கீரை

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பாகான் டத்தோவில் தேங்காய் மட்டைக்குப் பஞ்சமில்லை. ஆயினும் எங்கள் தோட்டத்து வீட்டின் பின்புறம் மண்ணின்றிச் சாவிக் கீரை (கடுகுக்கீரை வகை) வளர்க்க முனைந்தபோது, பதப்படுத்தாத நார்த்தூளில் முளைத்த முதல் நாற்றுகள் இலையோரம் கருகி வாடின. நார்த்தூளில் சோடியமும் பொட்டாசியமும் மிகுந்திருக்கும் என்பதும், வெறும் நீரில் அலசினால் துகள்களில் பற்றியிருப்பவை முழுவதும் நீங்கா என்பதும், கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஓரிரவு ஊறவைத்தால் கால்சியம் அவற்றை விலக்கி அங்கே இடம்பிடிக்கும் என்பதும் பிறகே விளங்கின. (மட்டையை அடுப்பெரிக்க மட்டுமே அறிந்த அம்மாவுக்கு இதெல்லாம் வீண் வேலை.) நார்த்தூளில் பயிருக்கான சத்து அற்பமே என்பதால், பிஎச் (அமில-கார) அளவு 5.5 முதல் 6.5 வரை இருக்குமாறு உரக்கரைசலைக் கலந்து ஊற்றுகிறேன். தன் எடையைப்போல் பல மடங்கு நீரை நார்த்தூள் பிடித்துவைப்பதால், மழைநாளில் ஊற்றுவதே இல்லை. இரண்டாம் விதைப்பை நேற்று அறுத்தோம். கங்கோங் எனும் வள்ளைக்கீரையை அடுத்து முயல்கிறேன்.