சேற்றில் ஒரு சிப்பிப்பாறை

ஜூலை 13, 2025, ஞாயிறு

சாத்தூர் மச்சான் சொன்னபடியே நாய்க்குட்டியைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்ததாம். விரித்திருந்த சாக்கோடு சேர்த்துச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு, “பாத்துக்குங்க மாப்ள, இது ஓடப் பொறந்தது, கட்டியே போட்டு வளத்தீங்கன்னா கதவைக் கடிச்சுத் தின்னுரும்” என்றார். சிப்பிப்பாறைச் சாதி, கடுவன், ஐம்பது நாள் ஆகிறது. செவலை நிறம், எலி வால் மாதிரி வால், உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளத்தில் நாலு கால்.

அப்பாயி திண்ணையில் இருந்தபடியே பார்த்துவிட்டு, “என்னடா இது, வயிறு முதுகோட ஒட்டிக் கெடக்கு, பெத்தது பாலே கொடுக்கலியா?” என்றது. மணி வந்து ஒருமுறை மோந்துவிட்டு வைக்கோல் போருக்கே திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. மணி யாரும் வாங்கி வந்த நாய் இல்லை, தெருவில் பிறந்து எங்கள் வாசலில் நின்றுவிட்ட கறுப்பு, ஏழு வயது இருக்கும்.

ஜூலை 16, புதன்

இரண்டு நாளாகக் குட்டிக்கு வயிற்றுப்போக்கு. நான் பயந்தே போனேன். கடைசியில் பார்த்தால் அப்பாயி யாருக்கும் தெரியாமல் காலையிலும் சாயங்காலமும் ஒரு டம்ளர் பசும்பால் ஊற்றிக்கொண்டிருக்கிறது. தாய்ப்பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்குப் பசும்பாலில் இருக்கும் சர்க்கரை செரிக்காது என்று சொன்னால், “கண்ணுக்குட்டிக்குச் செரிக்கிது, இதுக்குச் செரிக்காதா?” என்று கேட்கிறது. அதற்கு என்ன பதில் சொல்வது?

இப்போதைக்குக் குழைய வடித்த சோறு, அவித்துப் பிய்த்துப் போட்ட கோழிக்கறி, பாதி முட்டை, ஒரு நாளைக்கு நாலு வேளை. வெங்காயம் போட்ட குழம்பு கிடையாது, அது நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். அவித்த எலும்பும் கிடையாது, வெந்த எலும்பு ஈர்க்கு ஈர்க்காகப் பிளந்து குடலைக் குத்தும். மணி இந்த ஏழு வருஷத்தில் தின்ற மீன்குழம்புச் சோற்றுக்குக் கணக்கே இல்லை, அது எப்படித் தாங்கியது என்று எனக்குத் தெரியாது.

பேர் வைத்தாயிற்று. நான் யோசித்து வைத்திருந்த பேரெல்லாம் வீண். அப்பாயி “ஏ சாத்தூரான்” என்று கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்துவிட்டது.

ஜூலை 26, சனி

மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் முதல் தடுப்பூசி போட்டேன். மூன்று நாலு வாரத்தில் அடுத்தது. அதுவரை தெருவில் விடக்கூடாது, பார்வோ வந்தால் வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாகக் குட்டி ரெண்டு மூணு நாளில் போய்விடும், அந்தக் கிருமி மண்ணிலேயே மாதக்கணக்கில் கிடக்கும் என்றார் டாக்டர். பூச்சி மருந்து மூன்று மாதம் ஆகும்வரை பதினைந்து நாளுக்கு ஒருதரம்.

அப்புறம் அவர் கேட்ட கேள்வி: “வயல் இருக்கா?” நீடாமங்கலம் பக்கத்தில் இருந்துகொண்டு வயல் இல்லாமலா? எதற்குக் கேட்டார் என்றால், எலிக் காய்ச்சல். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரில் நாய் நடந்தாலும் நக்கினாலும் தொற்றும், சிறுநீரகத்தையும் ஈரலையும் பிடிக்கும், அதனிடமிருந்து நமக்கும் வரும். கரிசல் காட்டில் இதைப் பற்றி அவ்வளவாக யோசிக்க வேண்டியிருக்காது, இங்கே நடவு முடிந்து எங்கு பார்த்தாலும் தண்ணீர் நிற்கிறது, வரப்பு முழுக்க எலி வளை. அதற்கும் சேர்த்த ஊசியாகவே போட்டிருக்கிறார், வருஷா வருஷம் போட வேண்டும். மச்சான் இதைச் சொல்லவே இல்லை. அவர் ஊரில் தேவைப்பட்டிருக்காது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

வெண்ணாற்றுக்குப் போய்விட்டு வந்த சொந்தமெல்லாம் மதியம் எங்கள் வீட்டில்தான். சித்திரான்னத்தைவிட நாய்ப் பேச்சுதான் அதிகம் ஓடியது, ஆளாளுக்கு ஒரு நிபுணர்.

சித்தப்பாவுக்கு ராஜபாளையம்தான் நாய். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, தபால்தலையிலேயே போட்டான் என்றார். உண்மைதான், 2005இல் வந்த நாய்த் தபால்தலைகளில் அதுவும் ஒன்று. ஆனால் அந்த வெள்ளைக்காகவே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துச் சேர்த்து, நிறமி குறைந்து, காது கேட்காத குட்டிகள் அதில் பிறக்கின்றன. வாங்கப் போகிறவர்கள் குட்டி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு தட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்றேன். சித்தப்பாவுக்குக் கோபம். கேட்காத நாயையும் வளர்க்கலாம், கையசைவுக்குப் பழக்கலாம், ஆனால் காவலுக்கு என்று சொல்லி வாங்கிவிட்டு ஏமாந்தோம் என்று தெருவில் விடக்கூடாது இல்லையா?

தேனிப் பக்கத்துக் கோம்பை பற்றியும் பேச்சு வந்தது. செம்பழுப்பு உடம்பு, கரிய முகவாய், கட்டான தாடை. காவலுக்கு அதுதான் என்று நானே சொல்வேன், ஆனால் வருவோர் போவோர் ஓயாத எங்கள் மாதிரித் திறந்த வாசல் வீட்டுக்கு அது ஆகாது. கன்னியும் சிப்பிப்பாறையும் அண்ணன் தம்பி மாதிரி, இரண்டுமே கண்ணால் பார்த்து விரட்டுகிற நாய்கள். மோப்பம் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போகிற வேலையெல்லாம் இல்லை, தூரத்தில் ஒன்று அசைந்தால் போதும், அம்புதான். முயல் விரட்ட வளர்த்த சாதி. இப்போது காட்டு முயலை நாய் விட்டுப் பிடிப்பது சட்டப்படிக் குற்றம், ஆனால் அந்தச் சட்டம் நாயின் காலுக்குத் தெரியாது.

மேலத்தெருவில் சிங்கப்பூர்ப் பையன் பணம் அனுப்பி ஹஸ்கி வாங்கியிருக்கிறார்கள். இரட்டை ரோமம், பனியில் வண்டி இழுக்கப் பிறந்தது. சித்திரை வெயிலில் அது குளியலறைத் தரையில் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்ததை நானே பார்த்தேன். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்க முடியும். அந்த வீட்டுக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை, படத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள். நானும் ஒரு வகையில் அதே கணக்குதான், மழைக்கும் சேற்றுக்கும் நடுவில் கரிசல் நாயைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 23, சனி

மூன்று மாதம் ஆகிவிட்டது, வெறிநாய்க்கடி ஊசி. மணியையும் சேர்த்துக் கூட்டிப் போனேன், துண்டால் வாயைக் கட்டி, இரண்டு பேர் பிடித்து. நேற்றுதான் உச்ச நீதிமன்றத்தில் தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக்கூடாது என்று, டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொன்ன முந்தின உத்தரவை மாற்றினார்கள். டீக்கடை முழுக்க அதே பேச்சு. ஒருவர் எல்லா நாயையும் ஒழிக்கணும் என்றார், அவர் காலடியிலேயே ஒன்று வடைக்காக உட்கார்ந்திருந்தது.

அங்கேயே இன்னொருவர், கடித்த இடத்தில் மிளகாய்ப் பொடி வைத்தால் விஷம் இறங்கும் என்கிறார். வைக்காதீர்கள் ஐயா. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அறிகுறி வந்தபின் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை.

செப்டம்பர் 13, சனி

சாத்தூரான் என்னிடம் பேசுவதில்லை. வியாழக்கிழமை என் செருப்பைக் கடித்ததற்குச் சத்தம் போட்டேன், அடிக்கவில்லை, வெறும் சத்தம்தான். அன்று ராத்திரி நான் வைத்த சோற்றைத் தொடவில்லை, நேற்றும் அப்பாயி வைத்ததும்தான் சாப்பிட்டது. இந்தச் சாதிக்கு ரோஷம் அதிகம் என்று மச்சான் போனில் சிரிக்கிறார். மணியை இந்த ஏழு வருஷத்தில் நான் திட்டாத திட்டு இல்லை, ஐந்து நிமிஷத்தில் வாலாட்டிக்கொண்டு வந்து நிற்கும்.

உண்ணி பார்த்தேன். காது மடலுக்குள், கால் விரல் இடுக்கில், ஆமணக்கு விதை மாதிரி ஊதிப்போய் நாலு. சிப்பிப்பாறைக்கு ரோமம் பட்டுப்போல ஒட்டக் கிடப்பதால் விரலை ஓட்டினாலே தட்டுப்படுகிறது, அது ஒரு வசதி. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போட்டேன். நகத்தால் நசுக்கக்கூடாது, அப்பாயி சொன்ன மண்ணெண்ணெயும் கூடாது, நக்கித் தொலைக்கும். ஈறு வெளுத்து, சோர்ந்து, காய்ச்சல் அடித்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கும், உடனே வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். தினமும் ஈறைத் தூக்கிப் பார்க்கிறேன், அதற்காகவாவது என்னிடம் வருகிறது.

அக்டோபர் 4, சனி

இன்றைக்கு மானம் போனது.

குறுவை அறுத்த தாளடியில் வாத்துக்காரர் மேய்ச்சலுக்கு ஓட்டி வந்திருந்தார், முந்நூறு நானூறு இருக்கும். நான் சாத்தூரானைக் கயிற்றில்லாமல் வரப்பில் கூட்டிப் போனேன், அதுவும் நல்ல பிள்ளை மாதிரிதான் வந்தது. தூரத்தில் வாத்துக் கூட்டம் ஒருசேரத் திரும்பியது, அவ்வளவுதான். தலை உயர்ந்தது, ஒரு முன்னங்கால் அந்தரத்தில் நின்றது, அடுத்து நான் பார்த்தது மூன்று வயல் தாண்டி ஒரு செவலைக் கோடு. கூப்பிட்டால் காதிலேயே விழவில்லை. வாத்தெல்லாம் வாய்க்காலில் விழுந்து, எதிர்க் கரை ஏறி, அடுத்த ஊர் எல்லைக்கே போய்விட்டன. நடுவில் சேற்றுப் பள்ளம் ஒன்றில் மாட்டி, நாலு காலும் புதைந்து, நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது எங்கள் ஓட்டக்காரன். கரிசல் காடாக இருந்திருந்தால் பிடித்திருக்கும்.

அதுவரை வரப்போரமாகவே வந்த மணிதான் சேறு எங்கே இறுகியிருக்கிறது என்று தெரிந்து சுற்றிக்கொண்டு போய், பக்கத்தில் நின்று குரைத்தது. நான் இடுப்பளவு இறங்கித் தூக்கினேன். ஒரு வாத்து நொண்டியது. வாத்துக்காரர் விலையைச் சொன்னார், பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாத்தையும் அவரிடமே விட்டேன். “நாயி நல்ல நாயிதான் சார், கயித்தைத்தான் நீங்க மறந்துட்டீங்க” என்றார். இனிமேல் கயிறு இல்லாமல் வரப்புக்கு இல்லை. ஓட்டம் காலையில் நாலு பக்கமும் வேலி போட்ட தென்னந்தோப்புக்குள் மட்டும். அதுவும் சாப்பாட்டுக்கு முன்னால்தான், மார்புக்கூடு ஆழமான நாய்கள் தின்றுவிட்டு ஓடினால் வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்று தீபாவளி. சாயங்காலமே இரண்டையும் உள்ளறையில் விட்டு, ஜன்னலைச் சாத்தி, டிவியைச் சத்தமாக வைத்தேன். முதல் சரத்துக்கே மணி கட்டிலுக்கடியில். ஊர்ச் சண்டையெல்லாம் போட்ட மணி அங்கே கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தது. சாத்தூரான் ஒரு மணி நேரம் அங்குமிங்கும் நடந்துவிட்டு, அதன் முதுகோடு முதுகு வைத்துப் படுத்தது.

விடியலில் இருந்து மழை. மணி வழக்கம்போல நனைந்துகொண்டே களத்தைச் சுற்றிவிட்டு வந்து உதறியது. சாத்தூரான் திண்ணை விளிம்பில் நிற்கிறது, ஒரு காலை இறக்கி, ஈரம் பட்டதும் எடுத்து, திரும்ப என்னைப் பார்க்கிறது. அரை மணி நேரமாக இதே கூத்து. கொழுப்பே இல்லாத உடம்பு, குளிரில் தோல் சிலிர்த்து விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிகிறது. “பாரு, பட்டினி போட்டுக் கொல்றான்” என்று அப்பாயி என் பழைய பனியனைக் கத்தரித்து அதற்கு மாட்டிவிட்டது. நான் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன், குடைக்குள்ளேயே நடந்து வந்து வேப்பமரத்தடியில் ஒண்ணுக்கு அடித்துவிட்டு, குடைக்குள்ளேயே திரும்பிப் போனது.