மண்ணுக்குள் போன செம்பு

என் மாணவர்களின் இறுதியாண்டு ப்ராஜெக்ட், சொட்டுநீர்ப் பாசனம். பத்தே நாளில் ஈரப்பத சென்சார் தாறுமாறாகக் காட்டுகிறது. "கோடிங்லதான் சார் தப்பு" என்று மூன்று ராத்திரி உட்கார்ந்திருக்கிறார்கள்.

மண்ணிலிருந்து பிடுங்கச் சொன்னேன். சென்சாரின் இரண்டு கால்களில் ஒன்றில் செம்பே இல்லை, பச்சை பூத்துக் கிடந்தது. நாள் முழுக்க 5 வோல்ட் டிசி (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) கொடுத்தால் ஈரமண்ணில் மின்னாற்பகுப்புதானே நடக்கும், அந்தக் கரண்டே செம்பைக் கரைத்துவிடும்! விடையைச் சொல்லவில்லை (வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பெரும்பாடு). "12ஆம் வகுப்பு வேதியியலைப் புரட்டுங்கள்" என்றேன்.

மறுநாள் ஒரு மாணவி வந்தாள். "அரை மணிக்கு ஒரு தடவை, அளக்கிற அந்த ஒரு நொடி மட்டும் கரண்ட் கொடுத்தா போதும்ல சார்?"

போதும்மா.

ஆனால் ரிப்போர்ட்டில் அந்த அரித்த சென்சார் படத்தைத் தூக்கிவிட்டார்கள். அசிங்கமாக இருக்கிறதாம்! திரும்பச் சேர்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.