இரு பக்கமும் வென்ற லாட்ரப்

டென்மார்க் கால்பந்து என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் மைக்கேல் லாட்ரப். 1986 உலகக் கோப்பையில் உருகுவேயை டென்மார்க் 6–1 என்று வீழ்த்திய ஆட்டத்தில், தடுப்பாட்டக்காரர்களையும் கோல்காப்பாளரையும் லாவகமாகக் கடந்து சென்று அவர் அடித்த கோலை இன்றும் சலிக்காமல் பார்க்கலாம்.

இத்தாலியக் கழகமான யுவென்டஸுக்குப் பின் 1989இல் பார்சிலோனாவில் சேர்ந்த அவர், யோஹான் கிரைஃபின் பயிற்சியில் தொடர்ந்து நான்கு லீக் பட்டங்களையும் 1992இல் கழகங்களுக்கான ஐரோப்பியக் கோப்பையையும் வென்றார். கண்கள் ஒரு பக்கம் நோக்க, எதிராளியும் அதே பக்கம் சாய, பந்து மட்டும் மறுபக்கம் ஓடும் சக வீரரின் காலடியில் போய்ச் சேரும். அதுவே அவருடைய முத்திரை. 1994 ஜனவரியில் ரியல் மாட்ரிட்டை பார்சிலோனா 5–0 என வென்றபோதும், அவர் ரியல் மாட்ரிட்டுக்கு மாறிய பின் அடுத்த ஜனவரியில் அந்த அணி அதே கணக்கில் பழிதீர்த்தபோதும், வென்ற அணியில் அவரே இருந்தார்.

பயிற்சியாளர் ரிச்சர்ட் மொல்லர் நீல்சனுடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் தேசிய அணியிலிருந்து விலகியிருந்த காலத்தில்தான், 1992இல் டென்மார்க் நாடுகளுக்கிடையிலான ஐரோப்பியக் கோப்பையை வென்றது என்பது விதியின் விளையாட்டு. (தம்பி பிரையன் அந்த அணியில் ஆடினார்.) ஆனாலும் நாட்டு மக்களிடம் அவருக்கிருந்த மதிப்பு குறைந்துவிடவில்லை. 104 ஆட்டங்களில் 37 கோல்கள் அடித்து 1998இல் ஓய்வுபெற்ற அவரையே, டென்மார்க்கின் எக்காலத்துக்கும் சிறந்த வீரராக அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் 2006இல் அறிவித்தது.