முயலுங்க நகம் தானா தேயுதான்னு 12 வாரம் செஞ்சு பார்த்தேன்

வீட்ல ரெண்டு முயல். வெள்ளையனுக்கு நகம் வெள்ளை, உள்ள ஓடுற ரத்தக் குழாய் ரோஸ் கலர்ல நல்லா தெரியும், வெட்ட பயமில்ல. கருப்பிக்கு நகமும் கருப்பு, பின்னாடி டார்ச் அடிச்சா தான் கொஞ்சமாச்சும் தெரியும். போன தடவை வெட்டும்போது ஒரு நகத்துல அந்தக் குழாய் மேலயே பட்டுடுச்சு, சோளமாவ வச்சு அழுத்தி ரத்தம் நின்னுச்சு, ஆனா ரெண்டு நாள் என் பக்கமே வரல, எனக்கு சோறே இறங்கல. அதுக்கப்புறம் தான் வெட்டுற வேலைய எவ்வளவு குறைக்க முடியும்னு பார்க்க ஆரம்பிச்சேன்.

முதல் வாரம் உப்புத்தாள். தண்ணி கிண்ணத்துக்கு முன்னாடி ஒட்டி வச்சேன். நாலே நாள்ல பிச்சு எறிஞ்சுட்டேன், யாரும் இத செய்யாதீங்க ப்ளீஸ். நாய் பூனை மாதிரி மெத்துனு பாதம் முயலுக்கு கிடையாது, அடியில வெறும் முடி தான். வெள்ளையன் அது மேலயே உக்காந்து உக்காந்து குதிகால் முடி மெலிஞ்சு தோல் லேசா சிவந்துடுச்சு, அப்படியே விட்டா புண்ணாகும். போதாக்குறைக்கு ஓரத்த கடிச்சு தின்ன வேற பார்த்தான்.

ரெண்டாவது வாரம் சொரசொரப்பான தட்டைக் கல் ஒண்ணு, ஓரமெல்லாம் மழுங்கினது, புல் போடுற இடத்துக்குக் கீழ வச்சேன். மூணு வாரம் ஆகியும் பெருசா ஒண்ணும் நடக்கல. அப்புறம் தான் யோசிச்சேன், சும்மா நின்னா நகம் எப்படித் தேயும், காட்டு முயல் மண்ணைத் தோண்டுது, ஓடுது, அதுல தான தேயுது.

அதனால கல்ல தூக்கி தோண்டுற டப்பாக்குள்ள போட்டேன். பெரிய பிளாஸ்டிக் டப்பா, ஒரு பக்கம் ஏறி இறங்க தாழ்வா வெட்டி, வெட்டின இடத்த வழவழப்பாக்கி, அடியில கல்லு, மேல உரம் மருந்து எதுவும் படாத மண்ணு. மண்ணு லேசா ஈரமா இருந்தா தான் பிடிச்சு தோண்டுதுங்க, ஆனா சொதசொதன்னு இருந்தா பாதத்துக்கு ஆகாது, அதனால ராத்திரி டப்பாவ வெளிய எடுத்துடுவேன். எந்த மூலைய அதிகமா தோண்டுதுன்னு ரெண்டு நாள் கவனிச்சு கல்ல அங்க நகர்த்தினது தான் இதுல முக்கியமான விஷயம், கருப்பி எப்பவும் இடது மூலை தான். அடியில பிடிச்ச தழைய புதைச்சு வச்சா விடாம தோண்டுவா, நகம் கல்லுல கர் கர்னு உரசுற சத்தம் கேக்குறப்ப அவ்வளவு சந்தோஷமா இருக்கும்.

டப்பா வச்சு ஆறாவது வாரம் பழைய போட்டோவோட வச்சு பார்த்தேன். முன்னங்கால் நகம் நுனி கூர் போய் மழுங்கி, முடிக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்தது குறைஞ்சிருக்கு. பின்னங்கால்ல கொஞ்சம் தான் வித்தியாசம், தோண்டுறதெல்லாம் முன்னங்கால் தானே. முன்னங்கால் உள்பக்கம் மேல ஒரு நகம் இருக்கும் பாருங்க, அது தரையவே தொடாது, அதனால துளி கூட தேயல. அத விட்டா வளைஞ்சு எங்கயாவது துணியில மாட்டி பிஞ்சுடும், கட்டாயம் வெட்டியே ஆகணும். முன்னங்காலுக்கு அஞ்சு அஞ்சு, பின்னங்காலுக்கு நாலு நாலு, மொத்தம் 18 நகத்துல இப்ப நான் வெட்டுறது அந்த ரெண்டும் பின்னங்கால் நுனியும் தான். பின்னங்கால சோம்பல்பட்டு விடாதீங்க, நகம் நீண்டா விரல் மேல தூக்கி பாரமெல்லாம் குதிகால்ல இறங்கும், திரும்ப அதே புண்ணு தான்.

வயசான முயல், மூட்டு வலி இருக்குற முயல் தோண்டாது, அதுங்களுக்கு இது சரிப்படாது, வெட்டித்தான் ஆகணும். கல்ல வெயில்ல வைக்காதீங்க, சூடேறும். படுக்குற இடம் எப்பவும் மெத்துனு இருக்கட்டும், நான் ஞாயித்துக்கிழமை தோறும் ரெண்டு பேர் குதிகாலையும் முடி விலக்கி பார்க்குறேன்.

நேத்து 12வது வாரம். கருப்பிய மல்லாக்க போடவே இல்ல, அப்படிப் போட்டா அசையாம கிடக்கும் ஆனா அது பயம், சுகம் இல்ல. மடியில உக்கார வச்சு, பின்பக்கத்த நல்லா தாங்கிப் பிடிச்சு, உள்பக்க நகம் ரெண்டையும் நுனி மட்டும் எடுத்தேன். முடிச்சதும் துள்ளி இறங்கி நேரா இடது மூலைக்குப் போய் தோண்ட ஆரம்பிச்சுட்டா.